எல்லைக்கு வெளியே விழுந்த பந்து

செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து மைத்துனன் குகன் அனுப்பிய குரல்செய்தி. சந்தை இரைச்சலில் தொலைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். "மச்சான், பரமண்ணை மோசம் போயிட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையிலை இருந்தவராம். அப்பிடியே..." காசைக் கொடுத்துவிட்டு முருங்கைக்காயை எடுக்காமலே நடந்திருக்கிறேன். கடைக்காரப் பெண் பின்னால் ஓடிவந்து கையில் திணித்துவிட்டுப் போனாள். வீடு வந்து என் மனைவி வசந்தியிடம் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவருடைய மனைவி மலரக்கா கேட்டார். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்குப் பரமலிங்கம் என்றால் பழைய மாணவர் சங்கம் நினைவுக்கு வரும். சிலருக்கு, கோயில் தேர் திரும்ப வீதி அகலம் போதுமா என்று அளவுநாடாவோடு நடந்து பார்த்த மனிதர். வேறு சிலருக்கு, எந்த வீட்டு விருந்திலும் கடைசிப் பந்திவரை நின்று பரிமாறிவிட்டுத் தான் சாப்பிட மறந்துபோகிறவர். அவற்றையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுதப்போவது, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அவரோடு போய்ப் பார்த்த ஒரு பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றி. அந்தியேட்டி மலரில் பேஸ்போலா என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவர் இருந்தால் சிரித்திருப்பார்.

அதற்கு முன் யாழ்ப்பாணத்துக் கதை ஒன்று சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் நில அளவை அலுவலகத்தில் அவர் அளவையாளர், நான் படவரைஞன். அவர் வெயிலில் அளந்து கொண்டுவருவதை நான் மின்விசிறிக்குக் கீழே இருந்து படமாக வரைவேன். "நிழல் உத்தியோகத்தர்" என்று என்னைக் கேலி செய்வார். ஒருநாள் என்னையும் வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். வேலிச் சண்டையில் பேச்சுவார்த்தை அறுந்துபோன இரண்டு சகோதரர்களின் காணி. அளவு முடியும்வரை இரண்டு வீட்டிலிருந்தும் இளநீர் வந்துகொண்டேயிருந்தது. அவர் இரண்டையும் தொடவில்லை. கடைசியில் தமையன்காரன் எல்லையில் நின்ற மாமரத்தைக் காட்டி, "உது ஆரின்ரை பக்கம் எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார். பரமண்ணை அளவுச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டே, "நான் அளந்து கல்லுப் போடுவன். ஆரின்ரை காணி எண்டு சொல்லமாட்டன்" என்றார். சகோதரர்கள் இருவரும் ஒருசேர அவரைத் திட்டினார்கள். அந்த இருவரும் ஒன்றுபட்டது பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தானாம்.

எண்பத்தேழில் அவர் கனடாவுக்குப் போனார். நான் மாற்றலாகிக் கொழும்புக்கு வந்தேன். கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. ஒரு கடிதத்தில் நான் விளையாட்டாக, "எனக்கும் ஒருக்கா உங்கடை ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை" என்று எழுதிவிட்டேன். மனிதர் அடுத்த தபாலிலேயே அழைப்புக் கடிதம் அனுப்பினார். தன் பெயர், விலாசம், வேலை செய்யும் இடம், எல்லாம் விபரமாக எழுதி, இவர் என் நண்பர், ஐந்து வாரம் என்னோடு தங்கிவிட்டுத் திரும்பிப் போவார் என்று கையொப்பமிட்டிருந்தார். அரசாங்க உத்தியோகமும் மனைவி பிள்ளையும் இருந்தபடியால் எனக்கு விசா கிடைத்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு அது குதிரைக்கொம்பு.

சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் அவருடைய வீடு. ஒரே அறை. வரவேற்பறைச் சோபாவை எனக்குத் தந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவருடைய அம்மாவின் படம் ஒட்டியிருந்தது. அம்மா திருச்சியில் தன் தங்கையோடு இருந்தார். மகன் ஒன்பது வருடமாகத் தாயைப் பார்க்கவில்லை. ஊரில் காணி அளந்தவர் இங்கே நகர மத்தியில் ஒரு கார் தரிப்பிடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வாகனங்களை உள்ளே விடும் வேலை பார்த்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக வருந்தவும் இல்லை. "இப்ப நானும் நிழல் உத்தியோகத்தன்தான்" என்றார்.

நான் சுற்றுலாப் பயணியாக வந்திருக்கிறேன் என்பதை அந்தக் கட்டடத்தில் ஒருவரும் நம்பவில்லை. அப்படி ஒரு சாதி தமிழரில் இருப்பதாக அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. மின்தூக்கியில் முன்பின் தெரியாதவர்கள்கூட, "என்ன தம்பி, எப்ப அகதிக் கேஸ் போடுறீர்?" என்று கேட்டார்கள். நான் திரும்பிப் போக ரிக்கற் இருப்பதாகச் சொன்னால், "அதை ஒரு ஞாபகத்துக்கு வைச்சிரும்" என்று முதுகில் தட்டினார்கள். பிக்கரிங்கில் புதுவீடு வாங்கியிருந்த குகன் என்னை அழைத்துப்போய்க் கீழ்த்தளத்து அறையைத் திறந்து காட்டினான். "மச்சான், இது உனக்கெண்டு விட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நில்லு. வசந்தியும் பிள்ளையும் பின்னாலை வருவினம்." சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

உண்மையைச் சொல்கிறேன். வரும்போது எனக்கு நிற்கும் எண்ணம் இல்லை. மூன்றாம் கிழமை முடியும்போது வேறு எண்ணமே இல்லை. கொழும்பில் அப்போது என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, சந்தேகத்தின் பேரில் கூட்டிப்போதல். என்னை இரண்டு தடவை கூட்டிப்போய் விட்டிருந்தார்கள். மூன்றாம் தடவை விடுவார்களா என்று தெரியாது. ரொறன்ரோத் தெருவில் ஒரு பொலிஸ்காரர் எனக்குக் காலை வணக்கம் சொன்னபோது கை தன்பாட்டில் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடியது. மறுபக்கத்தில் வசந்தி, ஆறு வயது மகள். ரிக்கற்றில் இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

என் முகத்தைப் பார்த்துப் பரமண்ணைக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலையால் வந்து, "வந்த நாள் தொடக்கம் சனம் உமக்குப் புத்தி சொல்லுது. ஊர் பாக்க வந்த மனிசனை ஒருத்தரும் ஊர் பாக்க விடேல்லை. நாளைக்குப் பேஸ்போல் பாக்கப் போவம்" என்றார். அவருடைய கூண்டிலிருந்து மைதானம் பத்து நிமிட நடை. வழக்கமாகக் கார் விடும் ஒரு வெள்ளைக்காரர் தனக்குப் போக முடியாததால் இரண்டு ரிக்கற் கொடுத்திருந்தார். கூண்டு வானொலியில் கேட்டுக் கேட்டே பரமண்ணை அந்த விளையாட்டைப் படித்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம். மலரக்கா ரோல்ஸ் பொரித்துச் சுற்றித் தந்தார். மைதானத்தின் கூரையை அன்று திறந்து விட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய கூரை தாச்சிச் சட்டியின் மூடிபோல் விலகிக் கிடந்ததை நான் வாயைப் பிளந்து பார்த்தேன். வலதுபக்கக் கோட்டுக்குச் சற்று வெளியே, நல்ல கிட்டவாக எங்கள் இருக்கைகள். பரமண்ணை இருந்தவுடன் கையை நீட்டி விளக்கத் தொடங்கினார்.

"பாரும், உந்த வெள்ளைக் கல்லுத்தான் மூலைக்கல்லு. அதிலையிருந்து ரெண்டு கோடு போகுது. நடுவிலை தொண்ணூறு பாகை, ஒரு நூல் கூடாது, குறையாது. உள்ளுக்கை விழுந்தால் ஆட்டம். வெளியிலை விழுந்தால் செல்லாது. உலகத்திலை ஒரு விளையாட்டுத்தான் அளவையாளன் கண்டுபிடிச்சிருக்கிறான். அது உதுதான்."

நான் கிரிக்கெற் பைத்தியம். பள்ளிக்கூட அணியில் நாலு வருடம் விளையாடியவன். எனக்கு அங்கே நடந்தது ஒன்றும் பிடிக்கவில்லை. பந்து நிலத்தில் குத்தாமல் வருகிறது. அடித்தவன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான். "எங்கடை மாஸ்ரர் கண்டால் காதைத் திருகிப்போடுவார்" என்றேன். "தேத்தண்ணி இடைவேளை எப்ப?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். தேத்தண்ணி இல்லாத விளையாட்டு என்ன விளையாட்டு என்று நான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டது. ரோல்ஸ் ஒன்றை எடுத்து என் வாயருகே நீட்டினார்.

ஐந்தாவது சுற்றில்தான் அது நடந்தது. அடித்தவனின் மட்டையில் கோணலாகப் பட்ட பந்து உயர்ந்து கோட்டுக்கு வெளியே எங்கள் பக்கம் வந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் எழும்பிக் கையை விரித்தார்கள். முன்வரிசைக் கிழவி ஒருவர் கையுறையோடு தாவினார். பந்து ஒரு கதிரை முதுகில் பட்டுத் துள்ளி நேரே என் இரண்டு கைக்குள் வந்து விழுந்தது. கை தீயாய் எரிந்தது. அதை உணர முன்னரே நான் எழும்பி, கை பின்னால் போய், பந்தை மைதானத்துக்குள் நின்ற வீரனுக்கு எறிந்துவிட்டேன். கிரிக்கெற்றில் பார்வையாளரிடம் வந்த பந்தை உடனே திருப்பி எறிவதுதானே மரியாதை? நல்ல எறிவு. ஒரே ஒரு குத்தில் அவனுடைய காலடிக்குப் போனது.

கிழவி தலையில் கையை வைத்தார். மைதானத்து வீரன் பந்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தொப்பியைக் கழற்றி ஆட்டினான். அதோடு சிரிப்பும் கைதட்டலும். பின்னாலிருந்த ஒரு பருத்த மனிதர் குனிந்து, பதினைந்து வருடமாக வருகிறேன், ஒரு பந்துகூடக் கைக்கு வரவில்லை, நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று கிட்டத்தட்ட அழுகிற குரலில் கேட்டார். எனக்கு என்ன பிழை செய்தேன் என்றே விளங்கவில்லை. பரமண்ணைதான் திரும்பி, நிதானமாக, "ஹீ இஸ் எ ரூரிஸ்ற்" என்றார். அந்த மூன்று கிழமையில் சுற்றுலாப் பயணி என்ற அந்தச் சொல்லை ஏளனம் இல்லாமல் என்னைக் குறித்துச் சொன்ன ஒரே ஆள் அவர். பருத்த மனிதர் என் கையைக் குலுக்கிவிட்டுப் பெரிய கச்சான் கடலைப் பை ஒன்று வாங்கித் தந்தார்.

"அண்ணை, அது எனக்கே சொந்தமோ?"

"ஓம் காணும். எல்லைக்கு வெளியிலை விழுந்தால் விழுந்த காணிக்காரனுக்கு. வீட்டை கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியிலை வைப்பினம்."

"அப்ப ஏன் என்னைத் தடுக்கேல்லை?"

"உமக்கு எறியவேணும் போலை இருந்துது. எறிஞ்சீர்."

அந்தச் சிரிப்பு அடங்கும்போது எனக்குத் துணிவு வந்தது. கேட்டுவிட்டேன். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. நான் நிக்கட்டோ, போகட்டோ?"

அவர் கச்சானை உடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒரு காணியின் நான்கு எல்லையையும் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். நின்றால் கேஸ் முடிய எவ்வளவு காலம் போகலாம், அதுவரை என்ன வேலை கிடைக்கும், வசந்தியும் மகளும் வந்து சேர மூன்று வருடமோ ஐந்து வருடமோ, அதற்குள் அங்கே அவர்களுக்கு யார் துணை. போனால் கொழும்பில் எனக்கு என்ன பயம், வேலை எவ்வளவு நிச்சயம், இன்னொருமுறை விசா கிடைக்குமா. ஒரு பக்கத்தைக் கூட்டிச் சொல்லவில்லை, மறுபக்கத்தைக் குறைக்கவில்லை.

"நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டுதான் கேட்டனான்" என்றேன்.

"நான் அளந்து கல்லுப் போடுறவன். மிச்சம் உம்மடை விசயம். நிக்கிறதெண்டால் திங்கக்கிழமை எனக்கு லீவு. நானே லோயரிட்டைக் கூட்டிக்கொண்டு போறன்."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. குகன் அழுதான். மின்தூக்கியில் கண்டவன்கூட நில் என்றான். இந்த மனிதர் மட்டும் எனக்குச் சட்டம் படிப்பிக்கிறார். கோபத்தில் நான் ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏழாவது சுற்றின் நடுவில் எல்லாரும் எழும்பியதும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நானும் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். "இரும் காணும், இது சோம்பல் முறிக்கிற நேரம்" என்று சட்டையைப் பிடித்து இருத்தினார். ரொறன்ரோ தோற்றது. பாதிப்பேர் முன்பே போய்விட்டார்கள். அவர் கடைசி ஆள் ஆட்டமிழக்கும்வரை இருந்தார். புறப்படும்போது பார்த்தேன், அவர் காலடியில் கச்சான் கோது குவிந்து கிடந்தது. உடைத்த பருப்பெல்லாம் கடதாசியில் அப்படியே இருந்தது. ஒன்றையும் தின்னவில்லை.

திங்கட்கிழமை அவர் வெளிக்கிட்டுத் தயாராக இருந்தார். நான் அதற்கு முன் வசந்தியோடு தொலைபேசியில் பேசினேன். "அஞ்சு வருசம் பிள்ளை உங்களைப் படத்திலையோ பாக்கிறது?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு வந்து, "அண்ணை, நான் போறன்" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். எழும்பிப்போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். கழுவி வைத்திருந்த கோப்பைகளையும் சேர்த்துக் கழுவினார்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்கள் நான் அவர்மீது ஒரு சின்ன மனத்தாங்கலை வைத்திருந்தேன். கொழும்பில் குண்டு வெடித்த நாட்களிலெல்லாம், நண்பன் என்றால் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டாமா என்று நினைத்தேன். நான் திரும்பி வந்த அந்த வருட மார்கழியில், தன் அம்மா திருச்சியிலிருந்து விசிற் விசாவில் வந்துவிட்டா என்று பரமண்ணை படம் அனுப்பினார். தடித்த குளிர்ச்சட்டைக்குள் சின்ன முகமாக அம்மாவும், பக்கத்தில் சிரிப்பு அடங்காத மகனும். சந்தோசப்பட்டேன். அதற்கும் எனக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

மலருக்கு எழுதக் கேட்டு அழைத்தபோதுதான் மலரக்கா சொன்னார். "தம்பி, அவர் இருக்குமட்டும் சொல்ல விடேல்லை. இனிச் சொல்லலாம். நீங்கள் நிண்ட நேரம் மாமியின்ரை விசாப் பேப்பர் உள்ளுக்கை கிடந்தது. முதல்தரம் மறுத்துப்போட்டாங்கள். ரெண்டாம்தரம் போட்டது. முந்தி ஆரைக் கூப்பிட்டனீங்கள், அவர் திரும்பிப் போனவரோ எண்டு கேட்டிருந்தவை. நீங்கள் நிண்டிருந்தால் மாமியை மறக்கவேண்டியதுதான் எண்டு விசயம் தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் சொன்னவை."

மலரக்கா தொடர்ந்தார். "மட்சுக்கு வெளிக்கிடேக்கை கதவடியிலை வைச்சுச் சொன்னனான், ஆறுதலா இருந்து அவரிட்டை அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு. வந்த உடனை கேட்டன், சொன்னனீங்களோ எண்டு. இல்லையாம். ஏன் எண்டு சண்டை பிடிச்சன். 'அவர் கேட்டது தன்ரை காணியை. அம்மா அவரின்ரை எல்லைக்குள்ளை வரமாட்டா' எண்டிட்டுப் போய்ப் படுத்திட்டார். ரெண்டு நாள் நான் கதைக்கேல்லை."

அம்மா எட்டு மாதம் அவர்களோடு இருந்தாராம். திரும்பிப் போய் அடுத்த வருடம் காலமானார். அந்த எட்டு மாதத்தையும் இழக்கத் துணிந்துதான் அவர் திங்கட்கிழமை என்னை வழக்கறிஞரிடம் கூட்டிப்போக உடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் அவரைக் கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அவரிடம் ஒருவார்த்தை சொல்ல முடியாமல் போனதில் இன்னும் கூடுதலான வெட்கம்.

மலரக்கா பேசி இரண்டு நாள் கழித்து என் மகள் வந்தாள். அன்றைக்கு ஆறு வயதாக இருந்தவள். மெல்பேர்ணில் வேலை கிடைத்திருக்கிறதாம், கிழமை முடியுமுன் பதில் சொல்ல வேண்டுமாம். "அப்பா, நீங்கள் சொல்லுங்கோ. நான் போகட்டோ, நிக்கட்டோ?" என்றாள். வசந்திக்கு அடுத்த மாதம் முழங்காலில் சத்திரசிகிச்சை. எனக்கு ஒரு கண் மங்கிக்கொண்டு வருகிறது. இரண்டும் வாய்வரை வந்துவிட்டன. விழுங்கிக்கொண்டு, "அங்கை வேலை என்னமாதிரி? தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, அதையும் இதையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். பரமண்ணை, உங்களிடமிருந்து இதைத்தான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பழக்கமில்லாத காரியம்.